பத்துக்குப் பத்தும் சிரிக்கிற மூஞ்சி

ஜெர்மன் எடுக்கலாமா, பிரெஞ்சு எடுக்கலாமா, பேசாமல் ஹிந்தியே போதுமா என்றுதானே கேட்க வந்தீங்க? உட்காருங்க, சொல்றேன். ஏனுங்க நின்றுகொண்டே கேட்கிறீங்க. அந்த நாற்காலியில் துணி கிடக்கு, இப்படித் தள்ளிவிடுகிறேன். காப்பி குடிப்பீங்கல்ல? பால் காய்ச்சித்தான் வைத்திருக்கிறேன். யாரும் வருவதில்லை, இருந்தாலும் சாயங்காலம் ரெண்டு டம்ளருக்குக் காய்ச்சிவிடுவேன். பழகிப்போச்சு.

இரண்டாம் மாடிக்குப் புதுசாகக் குடிவந்திருக்கிறார்கள், தஞ்சாவூர்ப் பக்கமாம், பொண்ணு ஆறாவது சேர்கிறதாம் என்று வாட்ச்மேன் சொன்னபோதே நினைத்தேன், மேலே ஏறி வருவாங்களோ மாட்டாங்களோ என்று. இந்தக் கட்டிடத்தில் நாங்கள் நாலு வருசமாக இருக்கிறோம். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்கள் செருப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு ஜோடி ஷூ, ஒரு ஜோடி குதிகால் செருப்பு. காலையில் ரெண்டும் போய்விடும், பூட்டு வந்துவிடும். அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம்.

எங்கள் வீட்டுக்காரர் நூல் மில்லுக்கு மெஷின் பூட்டிக் கொடுக்கிற வேலை. கம்பெனி எந்த ஊருக்கு அனுப்புகிறதோ அந்த ஊர். பங்களாதேஷில் எட்டு மாதம், உஸ்பெகிஸ்தானில் ஒரு வருசம், இப்போது எத்தியோப்பியா. ஞாயிற்றுக்கிழமை போனில் மூஞ்சியைக் காட்டுவார். "சாப்ட்டியா, பாப்பா சாப்ட்டாளா, சிலிண்டர் வந்துச்சா" என்பார். ஒரு வாரத்துக் கதையைச் சேர்த்துவைத்து நான் ஆரம்பிக்கிறதுக்குள் படம் அப்படியே நின்றுவிடும். பாதி வாய் திறந்தபடி நிற்பார். அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்த் துணி மடிப்பேன். நான் அழுது வடிகிற ஆள் இல்லைங்க. எனக்கு வேலை இருந்தால் போதும், பேச ஒரு ஆள் இருந்தால் போதும். ஆளுக்குத்தான் என் மகள் மிதுலா இருந்தாள்.

இருந்தாள் என்றால், இப்பவும் இருக்கிறாள்ங்க. இப்போது வந்துவிடுவாள். பள்ளிக்கூட வேன் நாலேகாலுக்கு.

போன வருசம் இதே ஜூன் மாதம் ஆறாவதுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பாஷை எது வேண்டும், டிக் போடவும். நான் பள்ளபாளையத்தில் எட்டாவது வரைக்கும், தாராபுரத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள். எனக்கு ரெண்டாவது பாஷையே முட்டிக்கொண்டுதான் வந்தது. இவளைக் கேட்டேன். ஜெர்மன் என்றாள்.

"ஜெர்மன் உனக்கு வருமா கண்ணு?"

"வரும்."

"ஒரு வார்த்தைகூட இன்னும் காதுல விழுகலை. வரும்னு எப்படிச் சொல்றே?"

"தமிழ் வந்துச்சில்ல. பொறந்தப்ப எனக்கு அதுவுந்தான் தெரியாது."

டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆறு மாதம் இருந்ததே, அதைச் சொல்லணும் உங்களுக்கு. வேனைவிட்டு இறங்கி நேராக அடுப்படிக்கு வருவாள். பையைக்கூடக் கழற்றமாட்டாள். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி "வாஸர்" என்பாள். நான் திருப்பிச் சொல்லணும். உப்புக்கு "ஸால்ஸ்". கரண்டியைப் பிடித்துக்கொண்டு "லோஃபல்". நான் வேண்டுமென்றே கோணலாகச் சொல்வேன், அவள் மிஸ் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "திரும்பச் சொல்லு, உதட்டைக் குவி" என்பாள். உதட்டைக் குவித்து நான் நிற்கிற நிற்பைப் பார்த்து அவளே சிரித்துவிடுவாள். இருபத்தொண்ணை அந்த ஊரில் ஒண்ணும் இருபதும் என்று திருப்பிப் போட்டுத்தான் சொல்வார்களாம். நான் சப்பாத்தி போடப்போட எண்ணிக்கொண்டே வருவாள். வீட்டில் ரெண்டே பேர்தான், ஆனால் கல்யாண வீடு மாதிரி சத்தம் இருக்கும்ங்க. அவளுக்கு ஒரே ஆசை. அவர்கள் மிஸ் ஜெசிந்தா என்று, பெங்களூர்க்காரர், வெள்ளிக்கிழமை தோறும் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளைக் கம்ப்யூட்டரில் நேருக்கு நேர் பேசவைப்பாராம். எல்லாரையும் இல்லை, எட்டுப் பேரை. அந்த எட்டில் தான் ஒரு ஆள் என்று இவள் முடிவே பண்ணிவிட்டாள். அந்தப் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தாள். உங்கள் ஊரில் எருமை உண்டா. பனி பெய்தால் துணியை எங்கே காயப்போடுவீர்கள். ரெண்டாவது கேள்வி நான் சொன்னது.

சர்க்கரை போதுமா பாருங்க.

பொங்கலுக்கு எங்கள் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவது. கூட அவர் மகனும் மருமகளும். பொங்கல் சாப்பிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இவள் வந்து நின்று ஜெர்மனில் நாலு வரி எடுத்துவிட்டாள் பாருங்க. என் பேர் இது, எனக்கு வயசு இத்தனை, எங்கப்பா மெஷின் பூட்டுகிறார், எங்கம்மாவும் நானும் கோயம்புத்தூரில் இருக்கிறோம். எந்த இடத்திலும் தட்டவில்லை. அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தார். "அடேயப்பா, என்ற தம்பி பொண்ணா இது? வெள்ளைக்காரியாட்டவே பேசறாளே."

எனக்குத் திக்கென்றது. அண்ணி நல்ல மனுசிதான். ஆனால் கண் என்பது நல்ல மனுசியிடமும் இருக்குமே. நான் உடனே சொன்னேன்.

"நீங்க வேற அண்ணி. நாலு வார்த்தையைக் கிளிப்பிள்ளையாட்ட ஒப்பிக்கறா. இவளுக்கு என்னத்த வரும்? மண்டையில ஒண்ணும் ஏறாது."

"அப்படிச் சொல்லாத புள்ள, நல்லாத்தான் வருது" என்றார் அண்ணி. முடிந்தது. அப்படித்தானே அது. நாம் இல்லை என்போம், வந்தவர் உண்டு என்பார். உங்கள் பக்கமும் இதே பழக்கந்தானே? பெற்றவளே தன் பிள்ளையை மெச்சினால் கேட்கிறவர்களுக்கும் நன்றாக இருக்காது, பிள்ளைக்கும் ஆகாது. அன்றைக்கு ராத்திரி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். மிதுலா பார்த்துக்கொண்டே நின்றாள். "எதுக்கும்மா சுத்தற? எனக்குத்தான் ஒண்ணும் வராதுல்ல" என்றாள். நான் சிரித்துவிட்டு, போய்ப் படு என்றேன்.

எங்கம்மாவும் என்னை அப்படித்தான் சொல்லும். பத்தாவது பரீட்சை முடிந்து ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார், மேலே படிக்கவைப்பீர்களா என்று. நான் கணக்கில் தொண்ணூற்று நாலு. எங்கம்மா, "இதுக்கு இங்கிலீசு வராதுங்க சார். இது படிச்சு என்ன கலெக்டராவா போகுது" என்றது. அவர் சிரித்தார், அம்மா சிரித்தது, நானும் சிரித்தேன். அம்மா மனசுக்குள் என்ன வைத்திருந்தது என்று எனக்குத் தெரியாதா? வெளியாளுக்குச் சொல்கிற பேச்சு அது. பிளஸ் ஒன் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை, அது வேறு விசயம்.

சரி, நான் சொல்ல வந்தது அந்தத் தாளைப் பற்றி.

ஜனவரி கடைசியில் ஒரு தாள் வந்தது. பிள்ளைகள் தங்களைத் தாங்களே மார்க் போட்டுக்கொள்ளணுமாம். நான் கேள்விப்பட்டதே இல்லைங்க. நம் காலத்தில் வாத்தியார் போடுவார், நாம் வாங்கிக்கொள்வோம். இதில் பத்து வரி இருக்கு. என் பெயரைச் சொல்ல எனக்கு வரும். கடையில் ஒரு சாமான் கேட்க எனக்கு வரும். கேட்பது புரியும். புதுப் பாஷையைக் கற்றுக்கொள்ள என்னால் முடியும். இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று மூஞ்சி போட்டிருக்கு: சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, வாய் கோணின மூஞ்சி. பென்சிலில் டிக் போடணும். பெற்றவர் கீழே கையெழுத்துப் போடணும்.

அவள் தூங்கினபிறகு பையில் இருந்து எடுத்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்தும் சிரிக்கிற மூஞ்சி.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஒரு பிள்ளை தனக்குத்தானே பத்துக்குப் பத்துப் போட்டுக்கொண்டால் மிஸ் என்ன நினைப்பார்? திமிர் என்று நினைக்கமாட்டாரா? பெற்றவள் கையெழுத்து வேறு கீழே. பெற்றவளும் பார்த்துவிட்டுத்தானே விட்டாள், அம்மாவும் மகளும் ஒன்று என்பார்கள். அந்தத் தாள் வகுப்பில் பத்துக் கை மாறும், பத்துக் கண் படும். நான் ரப்பரை எடுத்து ஆறு டிக்கை அழித்தேன். சும்மா இருக்கிற மூஞ்சியில் மாற்றிப் போட்டேன். வாய் கோணினதில் ஒன்றுகூடப் போடவில்லைங்க, அந்த மட்டுக்கு நிதானமாகத்தான் செய்தேன். நாலு சிரிப்பு, ஆறு சும்மா. பார்க்கவே அடக்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். நல்ல காரியம் பண்ணின நிம்மதியில் தூங்கினேன்.

அடுத்த வாரம் எட்டுப் பேர் பட்டியல் போட்டார்கள். இவள் பேர் இல்லை.

அன்றைக்கு அடுப்படிக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்திலேயே நின்றாள்.

"அம்மா, என் ஷீட்ல நீ அழிச்சியா?"

"ஆமா சாமி. உன்ற நல்லதுக்குத்தான்."

"எதுக்கு?"

"அப்படியே அத்தனையும் வரும்னு போடக்கூடாது கண்ணு. கேட்டா, கொஞ்சம் வரும்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"அப்ப எனக்கு வருமா, வராதா?"

"வரும், வராம என்ன. ஆனா வரும்னு சொல்லக்கூடாது."

"மிஸ்கிட்ட சொல்லக்கூடாது. அத்தைகிட்ட சொல்லக்கூடாது. இப்ப இங்க யாரும் இல்லையே. நீ ஏன் சிரிச்சுட்டே சொல்றே?"

நான் எப்போதும் சிரித்துக்கொண்டேதானே பேசுகிறவள். அதைப் போய்க் குற்றமாகச் சொன்னால் என்ன பண்ணுவது. முறுக்கு எடுத்துக்கொடுத்தேன். தின்னவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லைங்க. ரெண்டு வாரம் கழித்துப் பெற்றவர்கள் கூட்டம் வந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். கல்யாணப் புடவையைத் தவிர நல்லது எது உண்டோ அதைக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் போகிறபோதே மனப்பாடம் பண்ணினேன்: மிஸ், தாளில் அழிச்சது நான். பாப்பா வீட்டில் நல்லாப் பேசறா. அவளைச் சேர்த்துக்குங்க. மூணே வரி. மிதுலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்னப்பிள்ளை மாதிரி.

வகுப்பில் வரிசையாக நாற்காலி. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு அம்மாக்கள். எல்லாரும் கேட்கிற தூரந்தான். ஜெசிந்தா மிஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அருமையாகச் சிரித்தார்.

"மிதுலா கிளாஸ்ல நல்லாப் பேசுவா. அவளோட ஷீட்டைப் பார்த்து எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அவளுக்கே தைரியம் இல்லைன்னா நான் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு விட்டுட்டேன். இப்ப ஒரு பொண்ணு ஊர் மாறிப் போயிட்டா, வெள்ளிக்கிழமை குரூப்ல ஒரு இடம் இருக்கு. நீங்க சொல்லுங்க. வீட்ல பேசறாளா? அவளுக்கு வரும்னு உங்களுக்குத் தோணுதா?"

பாருங்க, நான் கேட்கக்கூட வேண்டியதில்லை, அவரே கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன். பின்னால் இருந்த அம்மாக்கள் எல்லாரும் என் முதுகையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"அவ சுமாருதானுங்க மிஸ். கொஞ்சம் மந்தம். நீங்கதான் பார்த்து ஏதாச்சும் பண்ணணும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்ங்க. இப்போது அவர் சொல்லணும்: அப்படியெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் வருது, நான் சேர்த்துக்கறேன் என்று. எந்த வாத்தியாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வார். அண்ணி சொன்னாரே. நம் பங்கை நாம் சொல்லிவிட்டோம், அவர் பங்கை அவர் சொல்லவேண்டியதுதானே.

அவர் சொல்லவில்லை. தலையாட்டினார். நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார். "சரிங்க மேடம், அவளுக்கு அவசரம் வேண்டாம்" என்று நோட்டில் ஏதோ எழுதினார். பெங்களூரில் இந்தப் பழக்கம் இல்லைபோல. அடுத்த அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். நான் எழுந்திருக்காமல் ஒரு நிமிசம் உட்கார்ந்திருந்தேன். திரும்பச் சொல்லலாம் என்றால், முன்னே ஒன்று பின்னே ஒன்று பேசுகிறாளே என்று நினைக்கமாட்டாரா? எழுந்துவந்துவிட்டேன்.

வெளியில் வந்ததும் மிதுலா எனக்கு முன்னால் நடந்தாள், முந்தானையைப் பிடிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டிருந்தால் நான் விளக்கிச் சொல்லியிருப்பேன். பஸ் ஸ்டாப்பில் கரும்புச் சாறு வாங்கித்தரட்டுமா என்று கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றாள். வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை. பரவாயில்லை என்ற சொல்லை அவள் வாயில் அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அப்புறம் வாஸரும் இல்லை, லோஃபலும் இல்லை. வேனைவிட்டு இறங்கினால் நேராக அவள் ரூம். முன்னே கதவு சாத்துகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. ஏப்ரலில் ஏழாவதுக்கு மறுபடியும் அந்தப் பாஷைத் தாள் வந்தது. எது ஈசியோ அதில் டிக் போட்டுடு என்றாள். ஹிந்தி போட்டேன். நானே போட்டேன்.

நான் விட்டுவிடவில்லைங்க. குக்கர் விசிலை ஜெர்மனில்தான் எண்ணுவேன். ஐன்ஸ், ஸ்வை, ட்ரை. சத்தமாக எண்ணுவேன், அவள் ரூம் வரைக்கும் கேட்கட்டும் என்று. சில நாள் ஐன்ஸுக்கு அப்புறம் ரெண்டை விட்டுவிட்டு நேராக ட்ரை என்பேன். முன்னேயாக இருந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து திருத்துவாள். இப்போது விசில்தான் அடிக்கும். போன வாரம் வெங்காயத்துக்கு என்ன சொல் என்று எனக்கு மறந்தேபோச்சு. கதவைத் தட்டிக் கேட்கலாம். கேட்டால், எனக்குத் தெரியாதும்மா என்பாள். தெரியும் அவளுக்கு. அதனால் கேட்கவில்லை.

அதற்குள் கிளம்பாதீங்க. இன்னும் அரை டம்ளர் இருக்கு, ஆற்றித் தருகிறேன். அதோ, லிப்ட் சத்தம். வந்துட்டா.

வா கண்ணு. இது ரெண்டாம் மாடி ஆன்ட்டி. இவங்க பாப்பா உங்க ஸ்கூல்லதான் ஆறாவது சேர்ந்திருக்கு. என்ன பாஷை எடுக்கலாம்னு கேட்க வந்திருக்காங்க. நீங்களே கேளுங்க, அவ சொல்லுவா.

"ஜெர்மனே எடுக்கட்டும் ஆன்ட்டி. ஜெசிந்தா மிஸ் நல்லாச் சொல்லித்தருவாங்க."

உனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்கறாங்க பாரு, சொல்லு.

"எனக்கு வராது ஆன்ட்டி. எனக்குப் பாஷையே வராது. உங்க பாப்பாவுக்கு வரும்."

சரி, போய் மூஞ்சி கழுவு. முறுக்கு எடுத்துவைக்கட்டுமா? பரவாயில்லையா. சரி.

பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கமாகப் பேசினாள். வந்தவர்களிடம் இப்படித்தான் பேசணும் என்று நான் ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. தன் பிள்ளைக்கு வரும் என்று கேட்டால் யாருக்குத்தான் மனசு குளிராது, உங்களுக்கும் சந்தோசமாக இருந்திருக்குமே.

இந்தாங்க, காப்பி.

ஏனுங்க, ஒன்று கேட்கட்டுமா. நீங்கள் அவளுக்கு நேராக உட்கார்ந்திருந்தீங்க. நான் இதை ஆற்றிக்கொண்டிருந்ததில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வராது என்றாளே, அது உங்களுக்காகச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா? உங்களுக்கு எப்படிப் பட்டது? மெதுவாகவே சொல்லுங்க, கதவு சாத்தித்தான் இருக்கு.